கண்ணில் படும்படி

மனுவில் முதலில் 'நிர்வாண' என்றே எழுதியிருந்தேன்.
எழுத்தர் வாய்விட்டுப் படித்தார்.
டீ கொண்டுவந்த பையன் அப்படியே நின்றுவிட்டான்.
'அரை' சேர்த்தோம். அதுவும் ஆகாதென்று
இன்ஸ்பெக்டர் சிவப்பு மையில் திருத்தினார்:
மேலாடை நீங்கலாக.
கால்சட்டை முட்டிக்குக் கீழ் இறங்க வேண்டும்.
கோஷம் கூடாது. ஐந்தரை முதல் ஆறரை.
சித்தூர் பஸ் நிறுத்தம் தொடங்கி மக்கான் சிக்னல் வரை.
"இன்னாத்துக்குய்யா இதெல்லாம்?"

முனிரத்தினத்தை அடித்த லாரிக்காரன்
இதே மேசைக்கு முன்னால்தான் சொன்னான்:
"கண்ல படல சார்."
ஆறடி ஆள். மஞ்சள் சட்டை.
முன்கூடையில் நூற்று நாற்பது பேப்பர்.
படவில்லையாம்.

அதுக்குத்தான் சார்.

நாற்பது பேர் வருவதாகச் சொன்னார்கள்.
வந்தது பதினொன்று.
தஸ்தகீர் மூன்று வாரமாக ராத்திரிச் சோற்றை விட்டவன்,
தொப்பை அவனை விடவில்லை.
எபிநேசர் பனியனோடு நிற்கிறான்.
"சர்ச்சுக்குப் போறவங்கோ பாப்பாங்கபா."
இன்று ஞாயிறு என்பது
அவனுக்கு இப்போதுதான் உறைக்கிறது.

பச்சையப்பன் கழற்றினான்.
தோளில் தொடங்கி இடுப்புவரை வெண்படை,
யாரோ சுண்ணாம்புக் கையால் அணைத்ததுபோல.
பதினைந்து வருடம் ஒரே ஷிப்டில் வேலை செய்திருக்கிறோம்.
அந்த முழுக்கைச் சட்டையை
நான் வெறும் பந்தா என்று நினைத்திருந்தேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
காற்றடிக்கும் பம்பு கைமாறிக்கொண்டிருந்தது.

கூட்டியவன் நான்.
கடைசியாய்க் கழன்றவை என் பொத்தான்கள்.

எக்ஸ்ரே அறை ஜெயசீலி
வெள்ளைச் சுடிதார், துப்பட்டா, ஷூவோடு வந்தாள்.
போன கூட்டத்தில் அவளிடம்,
"நீங்க கொடி புடிச்சிக்கிங்க சிஸ்டர்," என்று
ஒதுக்கியிருந்தோம்.
கொடி எடுத்து வரவில்லை.
திரும்பி நின்று கேரியரைத் துடைத்தாள்.
முதுகில் நான்கு ஊக்கு குத்தி
அவளுடைய சொந்த மார்புப் படம்.
விலா எலும்புகள். இடப்பக்கம் சாய்ந்த இதயம்.
"நீங்கல்லாம் சட்டையத்தான் கழட்டினீங்க," என்றாள்.
ஏறி மிதித்தாள்.
நாங்கள் பின்னால் போனோம்.

வேலூரில் குளிர் என்று ஒன்று இருப்பது
தை மாதத்தில் பாலாற்றுப் பாலத்தின் மேல்
சட்டையில்லாதவனுக்கே தெரியும்.
கீழே மணல், சீமைக்கருவேலம், எங்கோ ஒரு நாய்.
போலீஸ் ஜீப் வெகுதூரம் முன்னால் போய்விட்டது.
பின்னால் ஒரு லாரி.
பற்களெல்லாம் கூசின எனக்கு.
தஸ்தகீர் ஓரம் ஒதுங்கினான், எபிநேசர் ஒதுங்கினான்,
ஜெயசீலி இப்போது கடைசியில், பாதை நடுவில்.
முகப்பு வெளிச்சம் அவள் முதுகில் விழுந்தது.
பன்னிரண்டு ஜோடி எலும்பும் எரிந்தன.

ஹாரன் இல்லை.
பாலம் முடிகிறவரை அந்த லாரி
மாட்டுவண்டியின் வேகத்தில்
அவள் பின்னாலேயே வந்தது.

ஆஸ்பத்திரி ரோட்டில், லாட்ஜ் மாடிகளில்
டோக்கனுக்கு எழுந்த வங்காளத்துக்காரர்கள்
பல் துலக்கியபடி எட்டிப் பார்த்தார்கள்.
ஒருவர் சிரித்தார். ஒருவர் போனை எடுத்தார்.
மூன்றாவது மாடியில் ஒருவர்
போர்த்தியிருந்த துண்டை மெல்ல விலக்கிக் காட்டினார்:
தொண்டைக்குழியிலிருந்து நேர்கோடாய் ஒரு தையல்.
ஏதோ கத்திச் சொன்னார். புரியவில்லை.
பச்சையப்பன் கைப்பிடியை விட்டு
இரண்டு நிறமான கையை உயர்த்தினான்.

மக்கானில் டீ மாஸ்டர்
"மொதல்ல சட்டையப் போட்டுக்கினு வாங்கபா," என்றார்.
போட்டுக்கொண்டோம்.
எபிநேசரின் பனியன் மட்டும் கிடைக்கவேயில்லை.

தனியாகத் திரும்பி வருகையில்
காகிதப்பட்டறை அருகே ஒரு ஷேர் ஆட்டோ
முழங்கையை உரசிக்கொண்டு போனது.
டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
ஒரு காலை ஊன்றி நின்று
மேல் பொத்தான் இரண்டை அவிழ்த்துவிட்டேன்.